பி.பார்ம் சீட்டுக்கு அலைந்த கதை, உங்களுடையதையும் சொல்லுங்கள்

தங்கச்சி பயாலஜி குரூப். நீட் எழுதினாள், மார்க் வரவில்லை. மூன்று நாள் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் அவளே பி.பார்ம், அதாவது மருந்தாளுநர் பட்டப்படிப்பு, படிக்கிறேன் என்றாள். பெரியப்பா உடனே, "மெடிக்கல் ஷாப்ல நிக்கிறதுக்கு நாலு வருஷமா?" என்றார். பி.பார்முக்கு நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான் கணக்கு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

எங்கே நம்பர் கிடைத்ததோ, ஒரு பார்மசி கல்லூரியின் ஏஜென்ட் போன் மேல் போன். சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று அப்பாவும் நானும் போனோம். கட்டடம் பளபளவென்று இருந்தது. லேபைக் காட்டினார்கள், குடுவையெல்லாம் பிரிக்காத அட்டைப்பெட்டியில் கிடந்தது, எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். பார்மசி கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் பிசிஐ (இந்திய பார்மசி கவுன்சில்) அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ப்ராசஸ்ல இருக்கு சார், வந்துடும்" என்றார்கள். நான் வெளியே போனில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அப்பா 20,000 ரூபாய் கட்டி, ஒரிஜினல் டி.சி., மார்க் ஷீட் இரண்டையும் கொடுத்தே விட்டார்!

ராத்திரி பிசிஐ தளத்தில் இருக்கும் கல்லூரிப் பட்டியலில் தேடினேன். அந்தப் பெயரே இல்லை. அங்கீகாரம் இல்லாத இடத்தில் நாலு வருஷம் படித்தாலும் 1948-ஆம் வருஷத்துப் பார்மசி சட்டப்படி பார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் பெரியப்பா சொன்ன அந்த மெடிக்கல் ஷாப்பில்கூட பார்மசிஸ்ட்டாக நிற்க முடியாது.

சான்றிதழை மீட்க மூன்று தடவை நடந்தோம். முதல் தடவை ஆள் இல்லை, இரண்டாம் தடவை சாவி இல்லை. மூன்றாம் தடவை, ஒரிஜினலைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிப்பை பிரிண்ட் எடுத்துப்போய் மேசையில் வைத்தேன், பத்து நிமிஷத்தில் கைக்கு வந்தது. பணம் வரவில்லை, அப்பா இன்றுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பிறகு கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் கவுன்சலிங்குக்கு விண்ணப்பித்தோம். சாதிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இரண்டு. அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்த நடையில் ஒரு செருப்பு போச்சு. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் பி.பார்ம் இடம் அவள் ரேங்குக்கு எட்டவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் கிடைத்தது. முதல் பட்டதாரி சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தோம், உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கணக்கு குரூப் ஆள்:
நான் இயற்பியல், வேதியியல், கணக்கு, கம்ப்யூட்டர். "பயாலஜி இல்லாம பார்மசியா?" என்று கேட்காத ஆளே இல்லை, எங்கள் பள்ளி வாத்தியார் உட்பட. பி.பார்முக்குக் கணக்கோ பயாலஜியோ ஒன்று இருந்தால் போதும். ஆனால் முதல் செமஸ்டரில் ரெமிடியல் பயாலஜி என்று ஒரு பேப்பர் வரும், தவளையைப் பத்தாம் வகுப்போடு மறந்தவனுக்கு அது கொஞ்சம் கசக்கும். பயாலஜி படித்து வந்தவர்களுக்கு அதே நேரத்தில் ரெமிடியல் கணக்கு, அவர்கள் முழித்ததைப் பார்த்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

டி.பார்ம் வழியாக வந்தவள்:
எனக்கு மார்க் குறைவு, அதனால் இரண்டு வருஷ டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ) முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.பார்ம் மூன்றாம் செமஸ்டருக்குப் போனேன். நேர்வழியில் போனவர்களைவிட ஒரு வருஷம் கூடுதல், அவ்வளவுதான். டி.பார்ம் படித்த கல்லூரிக்கும் பிசிஐ அங்கீகாரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த வழியும் அடைபடும். என் கூட விண்ணப்பித்த ஒரு பெண் அதனால்தான் திரும்பிப் போனாள். அழவில்லை, ஃபைலை மூடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று என்னிடம் கேட்டாள்.

பதிவு போட்டவர்:
அக்கா, அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறார்?

டி.பார்ம் வழியாக வந்தவள்:
தெரியலை தம்பி. நம்பர் வாங்கி வைக்காமல் விட்டுவிட்டேன்.