மறு: வேக்லாக் – விழிப்புப்பூட்டா, துயில்தடையா, வேறொன்றா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஆண்ட்ராய்டில் 'வேக்லாக்' என்பது, தன் வேலை முடியும்வரை பேசி உறங்கிவிடாதபடி ஒரு செயலி கேட்டுப் பெறும் ஏற்பாடு. அதற்குத் தமிழ்ச்சொல் தேடி மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இன்று காலைதான் ஒருசேரப் படித்தேன். தாமதமாக வருகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எல்லாரும் பேசி முடித்த பிறகு நிதானமாக மறுக்கலாம். அதைத்தான் செய்யப் போகிறேன்.

> வேக் என்றால் விழிப்பு, லாக் என்றால் பூட்டு. விழிப்புப்பூட்டு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. பூட்டு என்றதும் கேட்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, 'யாரை வெளியே நிறுத்துகிறது?' என்பது. நிரலாக்கத்திலும் அதே பொருள்தான். ஒரு கோப்பை ஒருவர் பூட்டினால் அவர் திறக்கும்வரை மற்றவர் தொட முடியாது. வேக்லாக் அப்படி யாரையும் வெளியே நிறுத்துவதில்லை. ஒரே நேரத்தில் பத்துச் செயலிகள் பத்து வேக்லாக்குகளை வைத்திருக்கலாம். ஒன்று மற்றொன்றுக்கு இடையூறே இல்லை. தூங்கப் போகிறவரின் சட்டை நுனியைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு, 'கொஞ்சம் இருங்கள், என் வேலை முடியட்டும்' என்று சொல்வதைப் போன்றது. ஒன்பது பேர் விட்டுவிட்டாலும் பத்தாவது ஆள் விடும்வரை அவர் தூங்க முடியாது. இதில் பூட்டு எங்கே வந்தது?

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் உறுத்தியிருக்கிறது என்பதை இங்கே யாரும் சொல்லாதது வியப்பு. ஆண்ட்ராய்டுக்காக எழுதிய இந்த நிரல்பகுதியை ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் கருப்பகுதியில்) சேர்க்கக் கேட்டபோது பெரிய சண்டையே நடந்தது. 2010இல் அதே நிரல்பகுதி 'சஸ்பெண்ட் பிளாக்கர்' என்று பெயர் மாற்றிக்கொண்டு மறுபடி வந்தது; அப்போதும் வழி கிடைக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் வேறொரு வடிவம் 2012இல், லினக்ஸ் 3.5இல்தான் உள்ளே நுழைந்தது. சண்டை பெயரைப் பற்றி மட்டும் நடந்ததன்று. வடிவமைப்பைப் பற்றியும் நடந்தது. ஆனால் பெற்றவர்களே பெயரை மாற்றிப் பார்த்த பிள்ளைக்கு நாம் மட்டும் முதல் பெயரையே எழுத்தெழுத்தாகப் பெயர்க்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

> அப்படியானால் துயில்தடை. சுருக்கம், தூய தமிழ், ஐந்தே எழுத்து.

இந்தச் சொல்லின் மேல் எனக்கும் ஆசை உண்டு. திரையில் இடமில்லாமல் தமிழ்ச் சொற்றொடர்கள் பாதியில் வெட்டுப்படுவதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்களுக்கு ஐந்தெழுத்து எவ்வளவு பெரிய வரம் என்பது தெரியும். (இலக்கணம் தெரிந்தவர்கள் யாராவது 'கல் + தூண் கற்றூண் என்றால் துயில் + தடை துயிற்றடை அல்லவா?' என்று கேட்பதற்குள் நானே கேட்டுவிடுகிறேன். அப்படி எழுதினால் ஒரு பயனரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்.) என் தயக்கத்துக்குக் காரணம் வேறு. தடை என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் போடுவது. இங்கே நடப்பது தலைகீழ். ஆளுகிறது இயங்குதளம், செயலி கெஞ்சிக் கேட்டு வாங்குகிறது. இயங்குதளம் நினைத்தால் அதைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம். கீழே சொல்கிறேன்.

இன்னொரு குறை, தடைக்குப் பொருத்தமான வினை இணை இல்லாதது. வேக்லாக்குக்கு நிரலில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன: அக்வயர் (பெறுவது), ரிலீஸ் (விடுவிப்பது). எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் இந்த இரண்டும் அதனோடு இயல்பாக ஒட்ட வேண்டும். 'தடையைப் பெறு, தடையை வெளியிடு' என்று ஒரு மடலில் பார்த்தேன். தடையை யார் வெளியிடுவார்? அரசாணையா அது?

என் பரிந்துரை: விழிப்புப்பிடி. வினைகள்: பிடி, விடு.

ஒரு செயலி விழிப்புப்பிடியைப் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் விடுகிறது. இரண்டு முறை பிடித்திருந்தால் இரண்டு முறை விட வேண்டும். ஆண்ட்ராய்டு இயல்பாகவே எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. பூட்டோடு இதைச் சொல்லிப் பாருங்கள், 'இரண்டு முறை பூட்டினேன், இரண்டு முறை திறந்தேன்' என்று. கேட்பவர் நம் உடல்நலம் பற்றிக் கவலைப்படுவார். பிடியில் அந்தத் தொல்லை இல்லை.

இந்தச் சொல் எனக்குச் சொந்த அனுபவத்தில் கிடைத்தது. சில வாரங்களுக்கு முன் இரவு படுக்கும்போது என் பேசியில் 84 விழுக்காடு மின்னேற்றம் இருந்தது. மேசைமேல் வைத்தேன், யாரும் தொடவில்லை. காலையில் 51. கையில் எடுத்தபோது இளஞ்சூடாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் கிடந்த பொருள் ஏன் சூடாக இருக்க வேண்டும்? மின்கலப் பயன்பாட்டுப் பக்கத்தில் ஓர் ஒலிநூல் செயலி முதலிடத்தில் இருந்தது. முந்தைய இரவு பத்து நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தியிருந்தேன். பேசியைக் கணினியோடு இணைத்து, பேசியின் மின்சக்தி நிலையை வரிவரியாகக் காட்டும் 'டம்ப்சிஸ் பவர்' கட்டளையைக் கொடுத்தேன். பல நூறு வரிகளுக்கு நடுவே, பிடிபட்டிருக்கும் வேக்லாக்குகளின் பட்டியல். அதில் அந்தச் செயலியின் பெயர், பக்கத்தில் ஏ, சி, கியூ என்று மூன்றெழுத்து, ஒரு சமக்குறி, ஒரு கழித்தல் குறி, பிறகு 7 மணி 12 நிமிடம். அதாவது 7 மணி 12 நிமிடத்துக்கு முன் பிடித்தது, இன்னும் விடவில்லை.

அந்த வரியைப் பார்த்ததும் என் வாயில் தானாக வந்த சொல் 'விடாப்பிடி'.

கவனியுங்கள்: விடாத பிடி, விடாப்பிடி. புதிதாக ஆக்கிய சொல்லன்று. பாட்டி காலத்திலிருந்து நாவில் இருப்பது. ஆங்கிலத்தில் 'ஸ்டக் வேக்லாக்' என்று இரண்டு சொல்லில் சுற்றி வளைப்பதை நம் மொழி ஏற்கெனவே ஒரே சொல்லில் செய்து வைத்திருக்கிறது. கூகுள் பிளே, செயலி உருவாக்குவோருக்குக் காட்டும் தர அளவீடுகளில், பின்னணியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருக்கும் வேக்லாக்கைத் தனியாகக் குறித்துக் காட்டி வந்தது. அந்த அளவீட்டுக்குத் தமிழில் தலைப்பு வேண்டுமென்றால் 'விடாப்பிடிகள்' போதும். பிழை எப்படி நேர்கிறது என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது: பிடித்த இடத்துக்கும் விடும் இடத்துக்கும் நடுவே ஏதோ வழு நேர்ந்து, நிரல் வேறு பாதையில் ஓடிவிட்டது; விடும் வரி நிறைவேறவே இல்லை. இதற்காகத்தான் பிடிக்கும்போதே கால வரம்பு கொடுக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். சோம்பலில் பலர் கொடுப்பதில்லை.

> உடும்புப்பிடி என்றே வைத்துவிடலாமே!

நகைச்சுவைக்குச் சரி. அமைப்புகள் பக்கத்தில் உடும்பு வேண்டாம்.

நானே எழுப்பிக்கொண்ட மறுப்பு ஒன்று. நிரல் ஓடும்போது எழும் வழுவை, அதாவது விதிவிலக்கை (எக்செப்ஷன்), 'பிடிப்பது' என்று ஏற்கெனவே எழுதுகிறோம். இரண்டு பிடியும் ஒரே பத்தியில் வந்தால் குழம்பாதா? குழம்பும் என்றே நினைக்கிறேன். அங்கே 'ஏந்து' என்று மாற்றலாம், பந்தை ஏந்துவதுபோல. அது தனி விவாதம், தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

'பார்ஷியல் வேக்லாக்' என்பதில் உள்ள 'பார்ஷியல்' என்ற அடைமொழியைப் 'பகுதி' என்று பெயர்க்க வேண்டாம். எந்தப் பகுதி என்று கேட்டால் பதில் சொல்ல இரண்டு வாக்கியம் ஆகும். திரை அணைந்தாலும் மையச் செயலகம் (சிபியு) மட்டும் விழித்திருக்கும் வகை அது. திரையையும் சேர்த்து எரியவிடும் மற்ற வகைகளை ஆண்ட்ராய்டு எப்போதோ ஓரங்கட்டிவிட்டது. திரை எரிய வேண்டுமென்றால் செயலியின் சாளரத்துக்கு ஒரு கொடி (ஃபிளாக் என்னும் அமைவுக் குறி) வைக்கச் சொல்கிறது. எஞ்சியிருப்பது ஒன்றுதான் என்றால் அடைமொழி எதற்கு? வெறும் விழிப்புப்பிடி போதும்.

போகிற போக்கில் 'மையச் செயலகம்' என்று எழுதிவிட்டேன். அதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. செயலகம் என்றதும் கோப்புக் கட்டுகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வேறு வழியில்லை. 'நுண்செயலி' என்று சில்லுக்கு வைத்த பெயரை ஆப்புக்கும் கொடுத்து, செயலியை இரட்டை வேடத்தில் நிறுத்திவிட்டோம். 'செயலி செயலியைத் தூங்கவிடாமல் பிடித்திருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள். ஈழத்து வழக்கில் 'முறைவழியாக்கி' இருக்கிறது; நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை. ஆப்பைச் செயலி என்பது இனி மாறாது. ஆகவே சில்லுக்கு முறைவழியாக்கியை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் சாய்வு.

அடுத்து, இழையின் தொடக்க மடலிலேயே வந்து யாரும் கண்டுகொள்ளாத ஒன்று.

> பின்னணிச் செயல்முறை என்பதில் சிக்கல் இல்லை, அதை அப்படியே விடலாம்.

பின்னணியில் சிக்கல் இல்லைதான். பின்னணிப் பாடகரைப்போல, ஆள் திரையில் இல்லை, வேலை நடக்கிறது. ஆனால் ஒரே பெயருக்குக் கீழே இரண்டு வேறு நிலைகளை அடைத்துவிட்டோம். பின்னணியில் ஓடுவது வேறு. பின்னணியில் கிடப்பது வேறு. பாட்டுச் செயலி ஓடுகிறது. நேற்று திறந்து பார்த்துவிட்டு வந்த நாட்காட்டிச் செயலி நினைவகத்தில் கிடக்கிறது, அவ்வளவே. மறுபடி திறந்தால் விரைவாக வரட்டும் என்று இயங்குதளம் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது. இடம் தேவைப்பட்டால் நெடுநேரம் தொடாமல் கிடப்பவற்றைத் தானே கொன்றுவிடும். அண்மைப் பதிப்புகளில் இப்படிக் கிடப்பவற்றுக்கு முறைவழியாக்கியின் ஒரு துளி நேரம்கூடக் கிடைக்காதபடி உறையவைக்கவும் செய்கிறார்கள்.

இந்த வேறுபாட்டுக்குச் சொல் இல்லாததால் நடக்கும் கூத்தைத் தினமும் பார்க்கிறோம். சமீபத்திய செயலிகள் பட்டியலைத் திறந்து, கொசு அடிப்பதுபோல ஒவ்வொன்றாக விரலால் தள்ளிவிட்டு, மின்கலத்தைக் காப்பாற்றிவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். நினைவகச் சில்லு நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரே அளவு மின்சாரம்தான் எடுக்கும். தள்ளிவிட்ட செயலியை அரைமணியில் மறுபடி திறந்தால், கோப்புகளை முதலிலிருந்து படித்து எழுந்து நிற்க அதற்குக் கூடுதலாகவே செலவாகும். நினைவகத்தில் கிடப்பது மின்கலத்தைத் தின்பதில்லை; விழிப்புப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பது தின்கிறது.

ஆங்கிலத்தில் இதைக் 'கேஷ்டு புராசஸ்' என்கிறார்கள். 'இடையகப்படுத்தப்பட்ட செயல்முறை' என்று யாராவது எழுதுவதற்குள் முந்திக்கொள்கிறேன்: கிடப்புச் செயல்முறை. கோப்பைக் கிடப்பில் போடுவது என்கிறோமே, அதே கிடப்பு. வேண்டும்போது எடுக்கலாம், இப்போது அதன்மேல் வேலை நடக்கவில்லை. இரண்டு பொருளும் சரியாக உட்காருகின்றன. 'ஓடும் செயலிகள் 2, கிடப்பில் 19' என்று ஒரு திரை காட்டினால், யாரும் அந்தப் 19ஐக் கொல்ல அவசரப்பட மாட்டார்கள்.

அடுத்து, பயன்படுத்தாமல் கிடக்கும் பேசியை உறங்கவைக்கும் 'டோஸ்' பற்றி. ஆண்ட்ராய்டு 6.0இல், 2015இல் வந்த இந்த வசதிக்கு இங்கே மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. கோழித்தூக்கம் அழகான சொல். ஆனால் அது அடிக்கடி கலையும் தூக்கம். டோஸ் அதற்கு நேர்மாறாக, போகப்போக ஆழமாகும். விழிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நீண்டுகொண்டே போகும். அறிதுயில் என்பதன் பொருள் மிக நெருக்கம். தூங்குகிறது, ஆனால் அவசரச் செய்தி வந்தால் அறிகிறது. தயக்கம் என்னவென்றால், அதை மனோவசியத்துக்கு ஏற்கெனவே பலர் புழங்குகிறார்கள். என் வாக்கு கண்ணயர்வுக்கு. 'பேசி கண்ணயர்ந்தது' என்று வினையாகவும் தடையின்றி வருகிறது.

மேலே பாக்கி வைத்தது இதுதான். மின்னேற்றியில் செருகாமல், அசையாமல், திரை அணைந்து சற்று நேரம் கிடந்தால் பேசி கண்ணயரும். அப்போது செயலிகளின் விழிப்புப்பிடிகளை இயங்குதளம் பொருட்படுத்துவதில்லை. பிடித்த கையை உதறிவிட்டுத் தூங்கப் போகிறது. தடை என்ற சொல் ஏன் பொருந்தாது என்பது இங்கே புரியும். தடை போட்டவர் இருக்கும்போதே அது செல்லாமல் போவது விந்தை. பிடியை உதறுவது இயல்பு.

அப்படியென்றால் என் மேசைமேல் அசையாமல் கிடந்த பேசி ஏன் அந்த இரவில் கண்ணயரவில்லை? அதையும் தேடினேன். நிறுவிய நாளில், 'தடையில்லாமல் கேட்க, மின்கலச் சேமிப்பிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்கு அளிக்கவும்' என்று ஒரு பெட்டி கேட்டிருக்கிறது. படிக்காமல் 'சரி' என்று அழுத்தியிருக்கிறேன். விலக்குப் பெற்ற செயலியின் விழிப்புப்பிடியைக் கண்ணயர்வு உதறாது. விலக்கைத் திரும்பப் பெற்றேன். மறுநாள் இரவு இரண்டு விழுக்காடுதான் குறைந்தது.

சொல்வங்கியில் ஏற்றுவதற்கான வரைவு:

விழிப்புப்பிடி – திரை அணைந்திருக்கும்போதும் முறைவழியாக்கி உறங்காமல் இருக்குமாறு ஒரு செயலி இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுவது. வினை: பிடி, விடு.
விடாப்பிடி – தேவை முடிந்த பிறகும் விடப்படாத விழிப்புப்பிடி.
கிடப்புச் செயல்முறை – இயங்காமல் நினைவகத்தில் வைக்கப்பட்டிருக்கும் செயல்முறை.
கண்ணயர்வு – பயன்படுத்தாத பேசியில் பின்னணி வேலைகளை இயங்குதளம் தள்ளிப்போடும் நிலை.

ஒரு சொல்தான் எனக்கு வசப்படவில்லை. கண்ணயர்வின் நடுவே, தள்ளிப்போட்ட வேலைகளையெல்லாம் முடித்துக்கொள்ளப் பேசி சிறிது நேரம் எழுகிறது. 'மெயின்டனன்ஸ் விண்டோ' என்கிறார்கள். பராமரிப்புச் சாளரம் என்று எழுதினால் கண்ணாடி துடைக்கும் ஆள் வருகிறார். தூக்கத்தின் நடுவே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்கு யார் வீட்டிலாவது ஒரு சொல் புழங்குகிறதா?