தொலைக்காட்சி விற்பனையில் வரும் வடிவமைப்பாளர் ஆடை: வாங்கியவர்களின் கருத்துகளில் எதை நம்புவது?

கேள்வி: கோத்தகிரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை அமெரிக்காவில் நியூஜெர்சியில் வசிக்கிறாள். அங்குள்ள ஒரு தொலைக்காட்சி விற்பனை அலைவரிசையில் பெயர் பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் ஆடை வரிசையை அவள் தொடர்ந்து பார்த்து வாங்குவாள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, அதிலிருந்து டியூனிக் என்னும் நீள மேல்சட்டை ஒன்றை எனக்குக் கொண்டுவந்தாள். நிறமும் கழுத்து வேலைப்பாடும் மிக அழகாக இருந்ததால் பள்ளிக்கு விரும்பி அணிந்தேன். ஆனால் நான்கைந்து முறை துவைப்பதற்குள் 29 அங்குல நீளம் 32 அங்குலமாகிவிட்டது. அக்குளிலும் இடுப்பின் இரு பக்கங்களிலும் சிறு சிறு பஞ்சு உருண்டைகள் எழும்பியுள்ளன. துணி 95 விழுக்காடு விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை), 5 விழுக்காடு ஸ்பான்டெக்ஸ் (ரப்பர் போல் இழுபடும் செயற்கை இழை) என்று உள்பட்டையில் இருக்கிறது.

சித்திரையில் மறுபடி வரும் தங்கை, இதே வரிசையில் இன்னும் இரண்டு வாங்கி வரட்டுமா என்று கேட்கிறாள். வாங்கியவர்கள் எழுதியுள்ள கருத்துகளை இரண்டு இரவுகள் உட்கார்ந்து படித்தும் என்னால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. ஒரே சட்டையை ஒருவர் கூடாரம் போல் தொங்குகிறது என்கிறார். மற்றொருவர் அளந்து தைத்தது போல் பொருந்துகிறது என்கிறார். பத்து முறை துவைத்தும் புதிது போல் இருப்பதாக ஒருவர் எழுதியிருக்க, முதல் துவைப்பிலேயே வீணானதாக அடுத்தவர் எழுதுகிறார். பொருளைத் திருப்பித் தர அங்கே 30 நாள்தான் அவகாசம் என்பதால், இங்கு வந்து சேர்ந்தபின் அளவு தவறென்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. என் உயரம் 5 அடி 1 அங்குலம், மார்புச் சுற்று 40 அங்குலம். சென்ற முறை வந்தது வழக்கமான எம் அளவு. யாருடைய கருத்தை நம்பலாம், எந்த அளவைக் கேட்கலாம் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: குன்னூர் தையல் கடை

வணக்கம் டீச்சர். அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும்: சட்டையை எப்படி உலர்த்தினீர்கள்? தீபாவளியை ஒட்டிய நாள்களில் கோத்தகிரியிலும் குன்னூரிலும் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் விடுவதில்லை. அந்த நாள்களில் கொடியில் போட்ட துணி இரண்டு, மூன்று நாள் அப்படியே தொங்கும். விஸ்கோஸ் ஏறக்குறைய தன் எடைக்குச் சமமான நீரைப் பிடித்துக்கொள்வதோடு, நனைந்தவுடன் தன் வலுவில் பாதியளவை இழந்தும்விடும். பின்னல் துணியாகவும் இருந்துவிட்டால், தோளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்ட சட்டையை அதன் பாரமே கீழே இழுத்து நீட்டிவிடும். என் கடைக்கு இப்படி நீண்ட சட்டைகளைக் குட்டையாக்கித் தரச் சொல்லிக் கொண்டுவருபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மழைமாதத்தில் கொடியில் தொங்கியவை.

அடிமடிப்பை இப்போது வெட்டிவிடாதீர்கள். சட்டையைக் குளிர்ந்த நீரில் நனைத்து, முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுங்கள். பிறகு மேசையிலோ பாயிலோ கிடத்தி, பழைய நீளத்துக்குக் கையால் ஒதுக்கிவிட்டு உலர விடுங்கள். இரண்டு துவைப்புக்கு இப்படிச் செய்தால் ஓரளவு மீளும். முழுவதும் மீண்டுவிடும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

பதில்: உதகை, முன்னாள் மெர்ச்சன்டைசர்

திருப்பூரில் ஏற்றுமதி ஆடை நிறுவனமொன்றில் மெர்ச்சன்டைசராக, அதாவது வாங்குவோரின் ஆர்டர்களைக் கவனித்து முடித்துத் தருபவராக, பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது உதகையில் வசிக்கிறேன். குன்னூர் அக்கா உலர்த்துவதைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. உங்களைக் குழப்பும் கருத்துகளைப் பற்றி நான் சொல்கிறேன்.

கூடாரம் என்றவரும் கச்சிதம் என்றவரும், இருவருமே உண்மையைத்தான் எழுதியிருப்பார்கள். அமெரிக்க அளவுகளில் பெட்டீட் என்பது மெலிந்த உடலுக்கானது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது உயரத்தைப் பொறுத்த பிரிவு. பொதுவாக 5 அடி 4 அங்குலமும் அதற்குக் குறைவான உயரமும் உடையவர்களுக்காக, கைநீளம், உடல்நீளம், கைத்துளை, தோள் ஆகியவற்றைக் குறைத்து வெட்டுவார்கள். உங்கள் உயரமுள்ள ஒருவர் வழக்கமான அளவை வாங்கினால், மார்பு சரியாக இருந்தாலும் தோள் இறங்கி, கைத்துளை தாழ்ந்து, எல்லாமே பெரிதாகத் தோன்றும். ஆகவே எத்தனை நட்சத்திரம் என்பதைப் பார்க்காமல், தம் உயரத்தையும் வழக்கமாக அணியும் அளவையும் சொல்லி எழுதியவர்களைத் தேடிப் பிடியுங்கள். 5 அடி, 5 அடி 2 அங்குலம் என்று குறிப்பிட்டு எழுதிய நான்கு பேரின் கருத்து, உயரம் சொல்லாத நாற்பது பேருடையதைவிட உங்களுக்குப் பயன்படும்.

அடுத்து, அவர்கள் எதற்கு மதிப்பெண் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பார்சல் தாமதத்துக்காக ஒரு நட்சத்திரம் தருவார். மற்றவர் அந்த வடிவமைப்பாளர் திரையில் பேசும் பாங்கு பிடித்ததற்காக ஐந்து தருவார். தொலைக்காட்சி விற்பனையில் இந்த இரண்டாவது வகை அதிகம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கியூவிசி போன்ற அலைவரிசைகளில் வடிவமைப்பாளரே நேரலையில் வந்து, துணியைக் கையில் பிடித்து நீட்டிக் காட்டி, பார்வையாளரோடு உறவாடுகிறார். ஐசக் மிஸ்ராஹி என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 2009இல் தம் வரிசையை அங்கே தொடங்கியபோது, பெருங்கடைகளின் விலையைத் தர இயலாத பெண்களுக்கும் வடிவமைப்பாளர் ஆடை எட்டியது. அது நல்ல செய்திதான். ஆனால் பல ஆண்டுகள் வாரந்தோறும் ஒருவரைப் பார்த்துப் பழகியவர் அவருடைய சட்டையைப் பற்றி எழுதும்போது, அந்த அன்பும் எழுத்தில் கலந்தே வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. துணியின் தரத்தை அறிய அந்தக் கருத்து உதவாது என்றுதான் சொல்கிறேன்.

பஞ்சு உருண்டைக்கு வருகிறேன். குட்டை இழையில் நூற்ற நூல், தளர்ந்த பின்னல், உராய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது எழும்பும். நம் மலையில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டரோ சால்வையோ இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை. உங்களுக்கு உருண்டை எழும்பிய இடங்களும் ஸ்வெட்டர் உரசும் இடங்களே. ஃப்ளோரிடாவின் வெயிலில் அதே சட்டையைத் தனியாக அணிபவருக்கு இந்தத் தொல்லை குறைவாகவே இருக்கும். எனவே குளிரில் அடுக்கடுக்காக அணியும் மாநிலத்தவரின் கருத்துகளைப் பாருங்கள், அதுவும் வாங்கிச் சில மாதங்கள் கழித்து எழுதியவற்றை. பார்சல் பிரித்த அன்றே எழுதியது நிறத்துக்கு மட்டும்தான் சாட்சி.

பதில்: கொடைக்கானல் வாசகி

ஐயா சொல்வதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. அன்பினால் எழுதும் பெண்களை ஒதுக்கிவிடக் கூடாது. ஒரே வடிவமைப்பாளரிடம் தொடர்ந்து வாங்குபவருக்குத்தான் இந்த ஆண்டுத் துணி முந்தைய ஆண்டைவிட மெல்லியதா, தையல் மாறியதா என்பது கைபட்டவுடன் தெரியும். "முன்பு போல் கனமாக இல்லை" என்று அப்படிப்பட்ட ஒருவர் எழுதினால், நான் அதற்கே மிக அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இன்னொன்று, தங்கை தம் பெட்டியில் கொண்டுவருவதே நல்லது. வெளிநாட்டிலிருந்து அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பாக அனுப்பும் பொருளுக்கு முன்பு இருந்த வரிவிலக்கு 2019 டிசம்பரில் நீங்கிவிட்டது.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மழையில் வராந்தாக் கொடியில் மூன்று நாள் தொங்கவிட்டது நான்தான்; இத்தனை நாளும் துணியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னபடி இருமுறை பாயில் கிடத்தி உலர்த்தியதில் 32 அங்குலம் முப்பதரையாகக் குறைந்துள்ளது. உயரம் குறிப்பிட்டவர்களின் கருத்துகளை மட்டும் தனியே எடுத்துப் படித்தேன். கூடாரம் என்று எழுதியவர்களில் உயரம் சொன்ன எல்லோரும் 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழே உள்ளவர்கள். அனைவரும் வழக்கமான அளவை வாங்கியவர்கள்.

தங்கை பார்த்து வைத்திருக்கும் இரண்டில் ஒன்று பழைய விஸ்கோஸ் துணியே. மற்றொன்று 60 விழுக்காடு பருத்தி, 40 விழுக்காடு மோடால். பெட்டீட்டில் எம் அளவின் மார்புச் சுற்று 43 அங்குலம் என்று அளவுப் பட்டியலில் இருக்கிறது. இது எனக்குப் போதுமா?

பதில்: உதகை, முன்னாள் மெர்ச்சன்டைசர்

அந்த 43 அங்குலம் உடலின் அளவா, தைத்த ஆடையின் அளவா என்பதை முதலில் தங்கையைப் பார்க்கச் சொல்லுங்கள்; பலர் ஏமாறும் இடம் இதுதான். தைத்த ஆடையின் அளவென்றால், 40 அங்குல மார்புக்கு மூன்று அங்குலத் தளர்வு பின்னல் துணியில் தாராளமாகப் போதும், உள்ளே மெல்லிய பனியனும் அணியலாம். உடலின் அளவென்றால் உங்களுக்கு அது பெரிது, பெட்டீட் எஸ் கேளுங்கள். துணியில் பருத்தி மோடாலையே தேர்ந்தெடுங்கள். மோடாலும் விஸ்கோஸ் குடும்பம்தான் என்றாலும் நனைந்த நிலையில் அதைவிட வலுவுள்ளது, பருத்தியும் ஈரத்தில் வலுவிழக்காது. ஆனாலும் ஐப்பசி மழையில் அதையும் பாயில்தான் உலர்த்த வேண்டும்.

பதில்: குன்னூர் தையல் கடை

டீச்சர், முப்பதரை அங்குலத்துக்கு வந்துவிட்டது நல்லது. இன்னும் ஒருமுறை கிடத்தி உலர்த்திப் பார்த்துவிட்டு, அதற்கு மேல் குறையாவிட்டால் கொண்டுவாருங்கள். பின்னல் துணிக்கு ஓவர்லாக் (ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் தையல்) போட்டு, இழுபடும் தையலில் மடித்தால்தான் ஓரம் சுருண்டுகொள்ளாது. சாதாரணத் தையல் இயந்திரத்தில் நேர்த்தையல் போட்டு வீட்டில் மடித்தால் அணியும்போது நூல் அறுந்துவிடும்.