பிபிஏ தொழில்முனைவு: பத்து லட்சம் கட்டிப் படிக்க வைக்கலாமா?

பவர்டேபிள்:
வணக்கம். திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். துணியும் டிசைனும் கம்பெனிக்காரர்களுடையது. தையல், செக்கிங், பேக்கிங் எங்களுடையது. மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்துவிட்டாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பிபிஏ, அதிலும் தொழில்முனைவைச் சிறப்புப் பாடமாக எடுத்துப் படிக்கப் போகிறேன் என்கிறாள். விடுதியோடு சேர்த்து மூன்று வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தொடும். "எத்தனை நாளைக்குப் பீஸ் ரேட்டுக்கே தைத்துக் கொடுப்பீர்கள்? நான் சொந்தமாக பிராண்ட் போடுகிறேன்" என்று கேட்கிறாள். அவள் அம்மாவும் அவள் பக்கம்தான். எனக்கோ அந்தப் பணத்துக்கு எத்தனை ஓவர்லாக், எத்தனை ஃபிளாட்லாக் தையல் மெஷின் வரும் என்றுதான் மனசு ஓடுகிறது. படித்தவர்களும் தொழில் செய்கிறவர்களும் சொல்லுங்கள்.

மார்க்கெட் ரோடு:
அண்ணா, மெஷினை வாங்குங்க. அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970-ல் 13,000 ரூபாயோடு ராயபுரத்தில் ஆரம்பித்தபோது அவருக்கு வயசு 21. பட்டம் கிடையாது. தள்ளுவண்டியில் ஐஸ் விற்றவர் ஹட்சன் பால் கம்பெனியைக் கட்டினார். சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயில் சிக் ஷாம்பு போட்டார், அவர் படித்தது கெமிஸ்ட்ரி. சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டும், ஆர்டர் கொடுத்த பார்ட்டி போனை எடுக்க மாட்டேன் என்கிறான். இதை எந்த செமஸ்டரில் நடத்துகிறார்கள்? நடத்துகிற வாத்தியார் வாழ்நாளில் ஒருமுறையாவது சம்பளம் போட்டிருக்கிறாரா?

மதுரை டீச்சர்:
நான் கல்லூரியில் நிர்வாகவியல் நடத்துகிறவள். அதனால் என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள். 13,000 ரூபாயோடு கிளம்பி ஜெயித்தவரை எல்லோருக்கும் தெரியும். அதே பணத்தோடு கிளம்பி மூழ்கியவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியின் கிரிஷ் மாத்ருபூதம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்தவர். 2010-ல் ஆரம்பித்த கம்பெனியை 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிட்டார். உங்களுக்கு இரண்டு பெயர் இருந்தால் எனக்கும் உண்டு, அதனால் எதுவும் நிரூபணமாகாது.

சனிக்கிழமைச் சம்பளக் கதைக்கு வருவோம். அதன் பெயர் நடைமுறை மூலதனம், அன்றாடம் தொழிலைச் சுழற்றத் தேவைப்படும் பணம். அது பாடத்தில் இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இது உங்கள் பார்ட்டிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியுமா?

மார்க்கெட் ரோடு:
தெரியும் டீச்சர். சட்டத்தைக் காட்டினால் இந்த பில் வரும், அடுத்த ஆர்டர் வராது. அதுவும் எனக்குத் தெரியும்.

வவுச்சர்:
ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். சட்டம் வெறும் காகிதம் என்று இப்போது சொல்ல முடியாது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு வந்துவிட்டது, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 43பி(எச்). கெடுவுக்குள் தராமல் வருஷக் கடைசியிலும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் வந்தால் எங்கள் கிளையன்டுகளே எந்த சப்ளையர் உத்யம் என்கிற குறு, சிறு நிறுவனப் பதிவு வைத்திருக்கிறார் என்று லிஸ்ட் கேட்கிறார்கள். பதிவை ரத்து செய்துவிடு என்று சப்ளையரிடம் சொல்கிற பார்ட்டிகளும் உண்டு, அது வேறு கதை.

அண்ணனுக்கு ஒரு விஷயம். ஜாப் ஒர்க்கில் துணிக்கு உங்கள் பணம் போகாது. கூலி, கரண்ட், நூல், ஊசி, அவ்வளவுதான். பிராண்ட் போட்டால் நூலுக்குப் பணம், நிட்டிங்குக்குக் கூலி, டையிங்குக்குக் கூலி, எல்லாம் உங்கள் கையிலிருந்து முதலில் போகும். சரக்குக் கடைக்குப் போனபிறகு கடைக்காரர் கடன் சொல்வார். எம், எல் சைஸ் விற்றுவிடும், எஸ்ஸும் டபுள் எக்ஸெல்லும் திரும்பி வரும். லாபம் புத்தகத்தில் இருக்கும், பேங்கில் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் லிமிட் முட்டிக்கொண்டு நிற்கும். எங்களிடம் வரும் ஃபைல்களில் கம்பெனி படுத்ததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், டிசைன் சரியில்லாதது இல்லை. இந்தக் கணக்கை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தாலும் சரி, சொல்லிக்கொடுத்தாக வேண்டும். அதற்குப் பத்து லட்சம் தேவையா என்றால், பி.காம் போதும்.

ஓசூர்வாசி:
நான் மூன்றாவது கட்சி. தொழில் படி, ஆனால் தொழில்முனைவு என்ற பெயரில் படிக்காதே. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்யும் ஏதர் எனர்ஜியை 2013-ல் ஆரம்பித்த இருவரும் ஐஐடி மெட்ராஸில் இன்ஜினியரிங் டிசைன் படித்தவர்கள். புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் ஐஐடியின் இன்குபேஷன் மையம் அவர்களுக்கு இடம் கொடுத்தது. பொருளைக் கையில் வைத்திருந்தார்கள், வியாபாரத்தை அப்புறம் பழகினார்கள். கிரிஷும் எம்பிஏ முடித்த மறுநாள் கம்பெனி போடவில்லை. பல வருஷம் சோஹோவில் இருந்தார். உங்கள் மகள் துணி பற்றிப் படிக்கட்டும். நிட்வேருக்கென்றே திருப்பூரில் நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறதே.

இன்னொன்று. நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மாணவர்கள் ஒரு வருஷம் மினி கம்பெனி நடத்தும் பாடத்தை மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2010-ல் வெளிவந்த ஆய்வு. பாடம் படித்தவர்களின் திறமை கூடவில்லை, தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்துபோனது. தொழில்முனைவோரை உருவாக்கத்தான் பாடம் என்றால், இது என்ன கணக்கு?

மதுரை டீச்சர்:
ஓசூர்வாசி, அந்த ஆய்வை நானும் வகுப்பில் நடத்துகிறேன். நீங்கள் அதைத் தோல்வி என்கிறீர்கள். இருபது வயதில், கல்லூரிக் காசில், "இது எனக்கு ஒத்துவராது" என்று ஒருத்தி தெரிந்துகொள்வது தோல்வியா? முப்பத்தைந்தில் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்தபிறகு தெரிந்துகொள்வதைவிட மேல். அமெரிக்காவில் பாப்சன் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்குக் கல்லூரியே கடன் கொடுத்து உண்மையான வியாபாரம் நடத்தச் சொல்கிறது. அது பலன் தருகிற முறை. வவுச்சர் சொன்ன எஸ், டபுள் எக்ஸெல் பாடத்தை அங்கே மாணவர்கள் சின்னத் தொகையில் படித்துவிடுகிறார்கள். நம்மூரில் பெரும்பாலும் நடப்பது பிசினஸ் பிளான் போட்டி. பவர்பாயிண்ட், கேடயம், போட்டோ. அதற்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்.

கணக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதைத்தான் நான் ஏற்கவில்லை. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டுத் தலைநகர் லோமேயில் 1,500 சிறு தொழில்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கணக்கு, மார்க்கெட்டிங் என்று வழக்கமான பயிற்சி. இன்னொன்றுக்கு, தானாக முன்வந்து செய்வது, போட்டியாளர் யோசிக்காததை யோசிப்பது, தடை வரும் முன்பே மாற்றுவழி வைத்திருப்பது என்று மனப்பாங்குப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. முடிவு 2017-ல் சயன்ஸ் இதழில் வந்தது. மனப்பாங்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சியில் 11 சதவீதம், அதுவும் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. கணக்கைக் கற்றுத்தரலாம், துணிச்சலைக் கற்றுத்தர முடியாது என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறோம். அங்கே வந்தது அதற்கு நேர்மாறாக.

மார்க்கெட் ரோடு:
டீச்சர், ஒரு நிமிஷம். அந்த 1,500 பேரும் ஏற்கெனவே தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்கள். பயிற்சியும் சில வாரங்கள்தானே? மூன்று வருஷ பிபிஏவுக்கு அதைச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். முதலில் கடையைத் திற, அப்புறம் பாடம் படி. நான் சொல்வதும் அதுதான்.

மதுரை டீச்சர்:
அவள் வீட்டில்தான் யூனிட் ஓடுகிறதே!

கரூர்க்காரி:
ஓடுகிறது, ஆனால் அதற்குள்ளே அவளுக்கு இடம் இருக்கிறதா? நாங்கள் பெட்ஷீட், திரைச்சீலை ஏற்றுமதி. என் தம்பியைப் பத்தாவது லீவிலேயே அப்பா கம்பெனியில் உட்கார வைத்தார். பையர் வந்தால் பக்கத்தில் நிற்பான், டையிங் பட்டறைக்காரருடன் சண்டை போடுவான். எனக்கு அந்த லீவில் டைப்ரைட்டிங். கடைசியில் எம்பிஏ என்ற பெயரைச் சொல்லித்தான் நான் ஆபீஸுக்குள் நுழைந்தேன். அங்கே படித்ததில் பாதி மறந்துவிட்டது. ஆனால் பேங்க் மேனேஜர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மார்க்கெட் ரோடு அண்ணனுக்குப் பட்டம் தேவைப்படவில்லை, சரி. அவருக்கு மார்க்கெட் இலவசமாகக் கிடைத்தது.

பவர்டேபிள் அண்ணா, மகளை எத்தனை முறை பார்ட்டி ஆபீஸுக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள்?

பவர்டேபிள்:
கூட்டிப் போனதில்லைங்க. ஆயுத பூஜைக்கு யூனிட்டுக்கு வருவாள். நீங்கள் கேட்டபிறகுதான் யோசிக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பட்டம் இருந்தால் தொழில் தொடங்க தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் மானியம் கிடைக்கும் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் ஆபீஸில் சொன்னார்கள். உண்மையா?

வவுச்சர்:
பாதி உண்மை. நீட்ஸில் 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மூலதன மானியம் உண்டு, 75 லட்சம் உச்சவரம்பு. வட்டியிலும் 3 சதவீதம் கிடைக்கும். ஆனால் எந்தப் பட்டமும் போதும். டிப்ளமோ, ஐடிஐ கூடச் செல்லும். பிபிஏ தொழில்முனைவுக்குத் தனி மரியாதை ஒன்றும் இல்லை. இன்னொன்று, அது முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான திட்டம். அப்பா யூனிட் வைத்திருக்கும்போது மகளுக்குக் கிடைக்குமா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். அதைச் சொல்லாமல் அட்மிஷன் போடுகிறவர்களிடம் ஜாக்கிரதை.

மதுரை டீச்சர்:
அட்மிஷன் ஆபீஸில் இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். மாணவர்கள் உண்மையான பணம் போட்டு வியாபாரம் நடத்துகிறார்களா? நஷ்டத்தை யார் ஏற்கிறார்கள்? போன வருஷ மாணவர்களில் யாருடனாவது நாமே போனில் பேசலாமா? பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மும்பை எஸ்.பி.ஜெயினில் குடும்பத் தொழில் பிள்ளைகளுக்கென்று ஒரு படிப்பு இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரம் வகுப்பு, மற்ற வாரங்கள் சொந்தக் கம்பெனியில். பட்டம் முடித்தபிறகு அதற்குப் போகலாம். இப்போதைக்கு உள்ளூரிலேயே பி.காம், கூடவே யூனிட்டில் வேலை என்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் தொழிலுக்கே நான் துரோகம் செய்கிறேன் போல.

ஓசூர்வாசி:
பி.காம் என்றால் மறுபடியும் துணி தெரியாத முதலாளி. ஜிஎஸ்எம்மை, அதாவது துணியின் எடையை, குறைத்துப் போட்டு மில்லுக்காரர் ஏமாற்றினால் எப்படிக் கண்டுபிடிப்பாள்?

மார்க்கெட் ரோடு:
அப்பாவிடம் கேட்பாள். அண்ணா, நான் சொன்னதில் மாற்றமில்லை, பத்து லட்சத்தை அந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டாதீங்க. மெஷினும் இப்போதைக்கு வேண்டாம். அவளை என் கடைக்கு அனுப்புங்க. ஆடி மாசத்தில் ஐநூறு பீஸ் அவள் பெயரில் எடுத்து விற்றுக் காட்டட்டும், மீந்தால் திருப்பி எடுக்க மாட்டேன்.

கரூர்க்காரி:
ஆடித் தள்ளுபடி சமயத்தில் புது பிராண்டா? முதல் பாடமே நஷ்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று திட்டமா அண்ணா? தீபாவளிக்கு மூன்று மாசம் முன்னால் கொடுங்கள், கூடவே உங்கள் கடன் கெடு எத்தனை நாள் என்று எழுத்தில் தாருங்கள்.

மார்க்கெட் ரோடு:
அறுபது நாள்.

வவுச்சர்:
45.