கால் பிரேக் கைக்கு வந்த கதை

எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. லாரி விபத்தில் போனது, எட்டு வருஷம் ஆகிறது. செயற்கைக்கால் போட்டு நன்றாக நடக்கப் பழகியதும், வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பழைய ஸ்பிளெண்டரை வெளியே எடுத்தேன். கிளட்ச் இடது கையில், கியர் இடது காலில். ஆக்சிலேட்டரும் முன்பிரேக்கும் வலது கையில். பின்பிரேக் மட்டும்தான் வலது காலுக்கு. சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது நாள் திண்டுக்கல் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினால் கருகல் வாடை. பின்சக்கர டிரம்மில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. செயற்கைப் பாதம் வழிநெடுக பிரேக் பெடல் மேலேயே அழுந்திக்கொண்டு வந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை உள்ளங்கால்தான் நமக்குச் சொல்கிறது. எனக்கு அந்த உள்ளங்கால் இல்லை. அன்றைக்குத்தான் அது உறைத்தது.

பின்பிரேக்கைக் கைக்கு மாற்றித் தரச் சொல்லிப் போன இடத்திலெல்லாம், "சைடு வீல் போட்ட ஸ்கூட்டர் வாங்கிக்கோங்க சார்" என்றார்கள். நான் கேட்டது அதை இல்லை. எனக்கு பேலன்ஸ் இருக்கிறது, இடது காலை ஊன்றி நிற்க முடிகிறது. எங்கள் ஊர் லேத் பட்டறை அண்ணன் ஒருவர்தான் வண்டியைப் பார்க்கும் முன்னால் என்னை ஏறி உட்காரச் சொல்லி, என் கையும் காலும் எங்கே எப்படிப் போகிறது என்று பார்த்தார்.

முதலில் கிளட்ச் லீவருக்கு மேலே இன்னொரு லீவர் வைத்து, அதிலிருந்து பின் டிரம்முக்கு கேபிள் இழுத்தோம். சிக்னலில் பிரேக்கைப் பிடிக்க விரலை எடுத்தால் கிளட்ச் விட்டுப்போகும், வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். சரிப்படவில்லை. அப்புறம் அண்ணன் சொன்னார்: "தம்பி, நாலு விரல் கிளட்சுக்குப் போச்சு. கட்டைவிரல் சும்மாதானே இருக்கு?"

மிக் டூஹனைப் பற்றி எங்கோ படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆஸ்திரேலிய ரேஸ் வீரர். 1992-ல் நெதர்லாந்தின் அஸ்ஸென் பந்தயப் பாதையில் விழுந்து வலது காலையே இழக்கவிருந்தார். பின்பிரேக்கை இடது கைக் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டு ஓட்டினார். 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் 500 சிசி உலகப் பட்டம் அவருக்குத்தான். அதை அண்ணனிடம் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

கட்டைவிரலுக்குக் காலின் பலம் கிடையாது. டிரம்மில் உள்ள ஆர்மை, அதாவது கேபிள் இழுக்கும் கம்பியை, நீளமாக்கினால் அழுத்துவது லேசாகும். ரொம்ப நீளமாக்கினால் லீவர் கடைசிவரை போயும் பிரேக் பிடிக்காது. மூன்றாவது ஆர்ம்தான் சரியாக வந்தது. கட்டைவிரல் பிரேக்கில் இருக்கும்போது ஹாரன் அடிக்க முடியாது என்பதால், ஹாரன் பட்டனை வலது பக்கம் மாற்றினோம். கிக்கர் வலது காலுக்கு என்பதால் செல்ஃப் ஸ்டார்ட் இல்லாமல் எனக்கு ஆகாது, பேட்டரியில் மட்டும் அலட்சியமாக இருக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பின்பக்க பிரேக் லைட் சுவிட்ச் பெடலில் ஸ்பிரிங்கோடு மாட்டியிருக்கும். பெடலை மிதிக்காவிட்டால் லைட் எரியாது. நான் கட்டைவிரலால் பிரேக் பிடிக்க, பின்னால் வந்த ஆட்டோ நூலிழையில் நின்றது. மறுநாளே லீவரில் சுவிட்ச் வைத்தோம். இப்படி மாற்றும் எவரும் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும் முன், ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து லைட் எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, மாற்றத்தை ஆர்.சி.யில் பதிவு செய்வதும் முக்கியம். மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடமிருக்கிறது.

சைடு வீலைக் குறைவாகப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் தெரு அக்காவுக்குப் போலியோவில் இரண்டு காலும் பலமில்லை. நிறுத்தினால் ஊன்ற முடியாதவருக்கு அதுதான் வண்டி. ஆனால் அது சாயாது. வளைவில் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் போக வேண்டும், வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். மேடுபள்ளத்தில் இரண்டு சைடு வீலும் மேட்டில் ஏறிக்கொண்டால் நடுச்சக்கரம் பிடிமானமில்லாமல் சுற்றும். அக்கா இதையெல்லாம் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டார்கள். வண்டி கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அதைக் கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

போன மாதம் டீக்கடையில் ஒரு பையன் என் லீவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பைக் விபத்தில் தோள்பட்டை நரம்பு அறுந்து வலது கை தொங்கிவிட்டது. "அண்ணா, எனக்கு ஏதாவது பண்ண முடியுமா?" என்றான். கியர் இல்லாத ஸ்கூட்டரில் கிளட்ச் கிடையாது. ஆக்சிலேட்டரை இடது பக்கம் கொண்டுவரலாம். காம்பி பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலே முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது ஒரே கையால் ஹேண்டில்பாரைத் தாங்க முடியுமா? அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவனிடமும் அப்படியே சொன்னேன். முதலில் டாக்டரைக் கேட்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிறான். வண்டி எதுவும் கொண்டுவர வேண்டாம், முதலில் அவன் உட்காருவதைப் பார்க்கணும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.