பஞ்ச் கார்டை மாத்தி அடிக்கச் சொல்றார் பாஸ், மாட்டினா யாருக்குத் தண்டனை? அவசரம்

பிறை_தேனு:
வணக்கம். நான் ஒரு கம்பெனியில கிராணி, அதாவது கிளார்க். அடுத்த வாரம் லேபர் ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு வர்றாங்களாம். வேலைக்கு வந்து போற நேரம் பதியற பஞ்ச் கார்டை, மூணு மாசத்துக்கும் புதுசா அடிச்சு வைக்கச் சொல்றார் பாஸ். யார் மாட்டுவா? சீக்கிரம் சொல்லுங்க.

பட்டர்வொர்த்காரன்:
என்ன கம்பெனி? எதை மாத்தச் சொன்னார்? பழைய கார்டு இருக்கா? கையெழுத்து யாரோடது?

கணக்கர்_மாறன்:
பயப்படாதம்மா. பாஸ் சொன்னா பாஸ்தான் மாட்டுவார், கிராணியைத் தொடமாட்டாங்க.

சட்டம்படி:
இதைப் பத்தி இங்க பல தடவை எழுதியாச்சு. தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. மலேசியாவோட 1955 வேலைச் சட்டத்துப்படி பதிவேட்டை 6 வருஷம் வைக்கணும், அது முதலாளி பொறுப்பு. மீறினா 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 2023க்கு முன்ன 10,000தான். ஆனா மாறன் சொல்றது ஆபத்து. தண்டனைச் சட்டம் 477ஏ 'கிராணி, அதிகாரி, வேலையாள்'னு அவங்களைச் சொல்லித்தான் ஆரம்பிக்குது. மோசடி நோக்கத்தோட கணக்கைத் திருத்தினா 7 வருஷம் வரை ஜெயில்.

கணக்கர்_மாறன்:
மோசடி நோக்கம் அந்தப் பொண்ணுக்கு எங்க இருக்கு?

சட்டம்படி:
பொய் நேரம்னு தெரிஞ்சே அடிக்கிறா. கூட வேலை செய்யறவன் ஓட்டி (ஓவர்டைம்) காசு போகுது. கோர்ட்ல போய் நோக்கம் இல்லன்னு சொல்லிப் பாருங்க.

பிறை_தேனு:
பேக்கிங் ஃபேக்டரி. கையெழுத்து என்னோடது. சில பேருக்கு ஓட்டி மாசம் 104 மணி நேர வரம்பைத் தாண்டிடுச்சு. அதைக் குறைச்சு, மிச்சத்தைப் போக்குவரத்து அலவன்ஸ்னு போடச் சொல்றார்.

சுங்கை_ஆச்சி:
அப்போ இபிஎஃப் (சேமநிதி) ஏமாத்தும் சேருதே!

பட்டர்வொர்த்காரன்:
இல்ல ஆச்சி, ஓட்டிக்கு இபிஎஃப் கிடையாது. சொக்சோவுக்கு, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்குத்தான் ஓட்டியும் சம்பளக் கணக்கு.

சுங்கை_ஆச்சி:
எங்க மவனுக்கு ஓட்டிக்கும் இபிஎஃப் வெட்டுறாங்களே?

பட்டர்வொர்த்காரன்:
அது அந்தக் கம்பெனி கூடுதலா கட்டுறது. இங்க அடி சொக்சோவுல. மெஷின்ல கை போனா, கணக்குல காட்டின சம்பளத்தை வச்சுத்தான் பணம் கொடுப்பாங்க. குறைச்சுக் காட்டினா அவன் குடும்பத்துக்குத்தான் நட்டம்.

கணக்கர்_மாறன்:
சரி, சொக்சோ விஷயம் நான் யோசிக்கல. ஆனா வேலை போனா அந்தப் பொண்ணுக்கு யார் சோறு போடுவா?

சட்டம்படி:
நியாயமில்லாம நிறுத்தினா 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல மனு போடலாம், தொழில் உறவுச் சட்டம் பிரிவு 20. நாள் தவறினா கதவு மூடிடும். தேனு, கையெழுத்துப் போடாதீங்க. உத்தரவை வாட்சப்ல எழுதித் தரச் சொல்லுங்க. பழைய கார்டு ஒண்ணையும் கிழிக்க விடாதீங்க.

பிறை_தேனு:
வாட்சப்ல கேட்டுட்டேன். நீல டிக் வந்துடுச்சு, பதில் இல்ல. அதிகாரி என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டா?

பட்டர்வொர்த்காரன்:
உள்ளதைச் சொல்லுங்க தங்கச்சி. அவங்ககிட்ட தெரிஞ்சே பொய் சொன்னா அது தனிக் குற்றம். சோதனை முடிஞ்சதும் வந்து எழுதுங்க.