குமுளி மலையில் வண்டி இழுக்கவில்லை, டர்போ மாற்ற வேண்டுமா?

புதுவயல் லோடு:
அண்ணன்களே வணக்கம். புதுவயல் அரிசி மில்லிலிருந்து கோட்டயத்துக்கு லோடு அடிக்கிறேன். செகண்ட் ஹேண்டில் எடுத்த பத்துச் சக்கர வண்டி. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவும், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் உள்ள பிஎஸ் 3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி), டீசல் பம்பு பழைய மெக்கானிக்கல் வகை. 50 கிலோ சிப்பம் 320, ஆக 16 டன்.

கம்பம் வரைக்கும் ஒரு குறையும் தெரியாது. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறும்போது, முன்பு மூன்றாவது கியரில் போன இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பொங்கலுக்கு முன்பே ஆரம்பித்தது. அப்போது புகை இல்லை, இழுவை மட்டும்தான் குறைந்தது. ஒரு பட்டறையில் காட்டினேன். பம்பில் திருகைத் திருப்பி டீசலை ஏற்றி விட்டார்கள். ஒரு வாரம் பரவாயில்லை. இப்போது மேட்டில் கரும்புகை கொட்டுகிறது, லிட்டருக்கு 4 கொடுத்த மைலேஜ் 3.3 ஆகிவிட்டது.

டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்டை, காட்டும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். மலையில் முழுசாக மிதித்தாலும் 9 பிஎஸ்ஐதான். கூட ஓடும் அதே மாடல் வண்டியில் 19 காட்டுகிறது. டர்போ போய்விட்டது, புதுசு போடு என்கிறார்கள். தவணை இன்னும் 14 மாதம் பாக்கி. புதுசு போட்டும் சரியாகவில்லை என்றால் என்னால் தாங்க முடியாது.

திருப்பத்தூர் டிப்பர்:
தம்பி, எப்படியும் மாற்றப்போகிறீர்கள், ஒரு சைஸ் பெரிய டர்போவாகப் போடுங்கள். பூஸ்ட் தானாக ஏறும். கிரஷர் வண்டிகளில் இரண்டு பேர் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்.

காரைக்குடி பட்டறை:
தம்பி, டர்போவுக்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். கழனிவாசல் பக்கம் 31 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதியதில் "அப்போது புகை இல்லை" என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

சக்தி டீசலில்தான் இருக்கிறது. அதை எரிக்கும் காற்றைக் கொண்டுவந்து திணிப்பது டர்போ. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி 14.5 கிலோ காற்று. ஆனால் புகையில்லாமல் எரிய 20 கிலோவுக்குப் பக்கத்தில் வேண்டும். சும்மா இருக்கும் வெளிக்காற்றுக்கே 14.7 பிஎஸ்ஐ அழுத்தம் உண்டு, கேஜ் அதற்கு மேலே இருப்பதை மட்டும் காட்டும். நண்பர் வண்டியில் மொத்தம் 33.7. உங்கள் வண்டியில் 23.7. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காற்று உங்கள் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை.

இப்போது பம்புக்கு வாருங்கள். அதன் மேல் வட்டமாக ஒரு மூடி இருக்கும், உள்ளே டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மேனிபோல்டிலிருந்து ஒரு சின்னக் குழாய் அதற்கு வரும். பூஸ்ட் ஏறினால் டயாப்ரம் அமுங்கி டீசலைக் கூட்டும், இறங்கினால் குறைக்கும். அதனால்தான் முதலில் புகை இல்லாமல் இழுவை மட்டும் போனது. காற்றுக்குத் தக்க டீசலைத்தான் பம்பு கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தத் திருகைத் திருப்பியவர்கள் அதன் கையைக் கட்டி விட்டார்கள். காற்று அதே அளவு, டீசல் மட்டும் கூடுதல். கரும்புகையாகப் போவது அரைகுறையாக எரிந்த உங்கள் டீசல். அதைவிட எனக்குக் கவலை சூடு. மலையில் எக்சாஸ்ட், அதாவது எஞ்சின் வெளியே விடும் புகைக்காற்று, 700 டிகிரிக்கு மேல் போய் அப்படியே நின்றால் பிஸ்டனுக்கும் ஆகாது, நல்ல டர்போவுக்கும் ஆகாது.

நம் பக்கம் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. காரைக்குடியிலிருந்து மேலூர் வரை மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? எஞ்சின் திணறி இழுத்தால்தான் எக்சாஸ்ட் வேகம் கொடுத்து டர்போ சக்கரத்தைச் சுற்றும். பட்டறை வாசலில் நின்றபடி மிதித்தால் கேஜ் முள் லேசாக அசையும், அவ்வளவுதான்.

முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். மில் வாசலில் எஞ்சினை ஓடவிட்டே லோடு ஏற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். உமித்தூசி காகித மடிப்பில் போய் அடைத்துக்கொள்ளும். தட்டிப் போடாமல் புதுசு போடுங்கள். அப்புறம் டர்போவிலிருந்து மேனிபோல்ட் வரை உள்ள ஹோஸ்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. டர்போவின் காற்று வாயை மூடி போட்டு அடைத்து, பட்டறைக் கம்ப்ரசரிலிருந்து 20 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் காற்று விட்டு, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். எக்சாஸ்ட் மேனிபோல்ட் பக்கம் கரிக்கோடு தெரிந்தால் அங்கேயும் ஓட்டை. கடைசியாக, எஞ்சின் ஆறிய பிறகு டர்போ சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஆயில் படலத்தில் மிதக்க விட்ட இடம் அது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கை உறையில் உரசினாலோதான் மாற்றும் பேச்சு.

டிப்பர் அண்ணன் சொன்ன பெரிய டர்போ மலை ஏறும் வண்டிக்கு ஒத்துவராது. கனத்த சக்கரம் வேகம் பிடிக்க நேரமாகும். 1,200 ஆர்பிஎம்மில் வளைவு திரும்பும்போது இழுவை இன்னும் குறையும்.

தேவகோட்டை பம்பு ரூம்:
பட்டறை அண்ணன் சொன்னதுதான் சரி. காற்றைச் சரிபண்ணிய கையோடு பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்கு வையுங்கள். கைக்கணக்கில் திருகைத் திருப்பாதீர்கள். அந்தச் சின்னக் குழாயையும் ஊதிப் பாருங்கள். அது விரிசல் விட்டிருந்தாலும் இதே கோளாறுதான்.

புதுவயல் லோடு:
அண்ணே, கிடைத்துவிட்டது. இன்டர்கூலரிலிருந்து மேனிபோல்டுக்குப் போகும் ஹோஸ், அடிப்பக்கம், கிளிப்புக்கு உள்ளேயே இரண்டு அங்குலம் கிழிந்திருந்தது. சும்மா இருக்கும்போது உதடு ஒட்டினமாதிரி மூடியிருக்கிறது. 10 பிஎஸ்ஐ தாண்டியதும் வாய் திறந்து சோப்பு நுரை முகத்தில் அடித்தது. டர்போவில் உரசலும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஹோஸ், கிளிப், ஃபில்டர் மாற்றி, தேவகோட்டையில் பம்பைப் பழைய அளவுக்கு வைத்து, நேற்று அதே 320 சிப்பத்தோடு ஏறினேன். 18 பிஎஸ்ஐ. மூன்றாவது கியரிலேயே மேலே போனது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன், புகை இல்லை.

காரைக்குடி பட்டறை:
சந்தோஷம் தம்பி. மலை ஏறி முடித்ததும் குமுளி செக்போஸ்டில் வரிசை நிற்கும், உடனே எஞ்சினை நிறுத்தி விடுவீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள். சூட்டோடு நிறுத்தினால் டர்போவுக்குள் நிற்கும் ஆயில் கருகித் தண்டில் பிடித்துக்கொள்ளும்.