300பி சிங்கிள் எண்டடா, இஎல்34 புஷ்-புல்லா? 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு எது ஒத்துவரும்?

மூன்றாம்மாடி
வணக்கம். அறை 12-க்கு 14 அடி. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், 8 ஓம், சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) 86 டெசிபல். இப்போது இருப்பது 50 வாட் ட்ரான்சிஸ்டர் ஆம்ப். கேட்பது கச்சேரி, நாதஸ்வரம்-தவில், எண்பதுகளின் சினிமாப் பாட்டு எல்பி. பழைய வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் இரண்டு விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் சேனலுக்கு ஒரே ஒரு 300பி வால்வு (சிங்கிள் எண்டட்), 8 வாட். இன்னொன்றில் சேனலுக்கு ஒரு ஜோடி இஎல்34, எதிரெதிராகச் சேர்ந்து வேலை செய்வது (புஷ்-புல்), 35 வாட். விற்பவரிடம் கேட்டபோது 300பி-யில் பாடகர் குரல் முன்னால் வந்து நின்றது, இஎல்34 அப்படி இல்லை. ஆனால் அவருடைய ஸ்பீக்கர் 96 டெசிபல். வித்தியாசம் வால்விலேயே இருக்கிறதா? என் வீட்டில் எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

ஓம்விதி
நீங்கள் கேட்டதில் பெரும்பங்கு வால்வின் குணம் இல்லை, அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பின் உள்ளேயே இருக்கும் தடை. ஃபீட்பேக் (அவுட்புட்டில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே கொடுத்துப் பிழை திருத்துவது) இல்லாத 300பி-க்கு அது 3 ஓம் அளவில் இருக்கும். ஃபீட்பேக் உள்ள இஎல்34 புஷ்-புல்லுக்கு 0.8 ஓம் பக்கம். 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 6-க்கு இறங்கும், கிராஸ்ஓவர் (பேஸ் ட்ரைவரிலிருந்து ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம்) பக்கம் 24-க்கு ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஓம் ஆம்பில் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 2.5 டெசிபல் வித்தியாசம் விழும். 0.8 ஓம் ஆம்பில் 0.8 டெசிபல்தான். ஒரு ஈக்வலைசர் போட்ட மாதிரி. குரல் இருக்கும் பகுதி தூக்கினால் 'முன்னால் வந்தது' என்போம். வேறு ஸ்பீக்கரில் அதே ஆம்ப் குரலைப் பின்னால் தள்ளும்.

காசு கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். 2.7 ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு வாங்கி, உங்கள் ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சேனலுக்கு ஒன்றாகத் தொடரில் போடுங்கள். சத்தம் குறையும், வால்யூமை ஏற்றி ஈடுகட்டுங்கள். 300பி உங்கள் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் சாய்க்கும் என்பது அதிலேயே தெரியும். ரெசிஸ்டர் சுடும், துணி, திரைச்சீலை படாமல் வையுங்கள்.

பழையவால்வு
ஓம்விதி சொன்னது சரி, ஆனால் அத்தோடு முடியவில்லை. சிங்கிள் எண்டடில் இரண்டாம் ஹார்மானிக் (மூல ஸ்வரத்தின் இரு மடங்கு அலைவரிசையில் ஆம்பே சேர்க்கும் ஒலி) தங்கிவிடும். புஷ்-புல்லில் இரட்டைப்படை ஹார்மானிக்குகள் வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று அடித்துவிடும், மிஞ்சுவது மூன்றாவது. இரண்டாவது ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்கு உறுத்தாது, குரல் கொஞ்சம் கனத்தது போலிருக்கும். இதை ரெசிஸ்டர் காட்டாது.

என் கவலை தவில். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 8 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல், 35 வாட்டுக்கு 101. விற்பவரின் 96 டெசிபல் ஸ்பீக்கரில் அதே 8 வாட் செய்த வேலையை உங்கள் ஸ்பீக்கரில் செய்ய 80 வாட் வேண்டும்! அங்கே கேட்ட சுகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். வீணை, தனிக்குரல் தாங்கும். தவில் தனியில் வலந்தலை அடி முனை மழுங்கி, நாதஸ்வரத்தோடு சேர்ந்து கலங்கும்.

ட்ரான்ஸ்ஃபார்மரையும் பாருங்கள். சிங்கிள் எண்டடில் டிசி கரண்ட் ப்ரைமரிச் சுற்று வழியே ஓயாமல் ஓடி கோரை (நடுவிலுள்ள இரும்பை) ஒரே பக்கமாகக் காந்தமாக்குவதால் கோரில் காற்று இடைவெளி விட்டுத்தான் சுற்றுவார்கள். அதனால் இண்டக்டன்ஸ் (பேஸைத் தாங்கும் குணம்) குறையும். ஈடுகட்டப் பெரிய கோர் வேண்டும். அங்கே மிச்சம் பிடித்த ஆம்பில் பேஸ் முதலில் போகும். 300பி-யை 8 வாட்டுக்கு வாங்குவதென்றால் தூக்கிப் பாருங்கள், லேசாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

கம்பிக்கட்டு
ஒப்பிடும் முறை சொல்கிறேன். பெரும்பாலோர் சறுக்குவது லெவலில். அரை டெசிபல் கூட இருந்தாலே அந்த ஆம்ப் 'தெளிவாக' இருப்பதாகத் தோன்றும். இரண்டு ஆம்பையும் 20 நிமிடம் சூடாக்குங்கள். 400 ஹெர்ட்ஸ் சைன் டோன் வாசித்து, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனையில் மல்டிமீட்டர் ஏசி ரேஞ்சில் 1.00 வோல்ட் வருமாறு இரண்டையும் வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும். 1.01 வந்தால் பரவாயில்லை, 1.05 என்றால் திரும்ப வையுங்கள்.

வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிடாதீர்கள். சிக்னல் வரும்போது லோடு இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மர் ப்ரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும். கழற்றிய ஆம்பின் முனையில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டர் மாட்டியிருக்க வேண்டும். மாற்றும் முன் வால்யூம் பூஜ்யம்.

அதே ரெசிஸ்டரை வைத்து அவுட்புட் இம்பிடன்ஸையும் அளந்துவிடலாம். 8 ஓமில் 1.00 வோல்ட் வைத்துவிட்டு, வால்யூமைத் தொடாமல் இரண்டு ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு 16 ஓம் ஆக்குங்கள். 1.16 ஆனால் 3 ஓம். 1.05 ஆனால் 0.8.

மூன்றாம்மாடி
மிக்க நன்றி சார். ரெசிஸ்டர் போட்டுப் பார்த்தேன். குரல் முன்னே வந்தது, ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத்து பேஸ் தலை) தளர்ந்து ஒலித்தது. இஎல்34 பக்கம்தான் மனம் போகிறது. அதன் பின்பக்கம் 220 வோல்ட் என்று போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் இரவு 245 வருகிறது. பயஸ் (சிக்னல் இல்லாதபோது வால்வில் ஓடும் கரண்டின் அளவு) எப்படிப் பார்ப்பது?

பழையவால்வு
245 சாதாரண விஷயம் இல்லை தம்பி. 220-க்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மரில் 6.3 வோல்ட் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 7.0 ஆகிவிடும். 6.9-தான் எல்லை. இஎல்34 சாக்கெட்டில் 2, 7 பின்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 230-க்கு 12 வோல்ட், 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் ப்ரைமரியை மெயினில் போட்டு, செகண்டரியை ஆம்புக்குப் போகும் லைனில் எதிர் ஃபேஸில் தொடராக இணைத்தால் 232-க்கு இறங்கும். முனை மாறினால் 258-க்கு ஏறிவிடும், ஆகவே ஆம்பை மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள். மூடிய டப்பாவில், ஃபியூஸோடு செய்யுங்கள்.

பயஸுக்கு: ஒவ்வொரு வால்வின் கேத்தோடிலும் (எலக்ட்ரான் கிளம்பும் முனை) 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 1 மில்லிவோல்ட் என்பது 1 மில்லியாம்பியர். பிளேட் வோல்டேஜ் 430 என்றால், இஎல்34 பிளேட்டின் எல்லையான 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட், அதை 430-ஆல் வகுத்தால் 40 மில்லியாம்பியர். ஸ்கிரீன் (வால்வின் இன்னொரு உள்முனை) கரண்டும் இதில் சேர்ந்தே வரும், 40-ஐத் தாண்ட வேண்டாம். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கை உருவி, 10 கே 5 வாட் ரெசிஸ்டரால் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கிய சார்ஜை இறக்கி, வோல்டேஜ் போய்விட்டதா என்று அளந்துகொள்ளுங்கள்.

வாங்கப் போகும்போது அறை விளக்கை அணைத்து அரைமணி பாருங்கள். பிளேட் சிவந்தால் அல்லது ஒரு வால்வின் ரீடிங் மட்டும் நிற்காமல் ஏறினால், அணைத்து ஆறவிட்டு அந்த வால்வைப் பக்கத்து சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். கோளாறு வால்வோடு போனால் வால்வு. அதே சாக்கெட்டில் நின்றால் பெரும்பாலும் கப்ளிங் கெப்பாசிட்டர் (முந்தைய கட்டத்திலிருந்து சிக்னலை மட்டும் கடத்தி டிசியைத் தடுப்பது) கசிகிறது, நான்கையும் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீனாக மாற்ற வேண்டியதுதான். கண்ணாடி உச்சியில் வெள்ளிப்பூச்சு பால் வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கம்பிக்கட்டு
ஒன்று விட்டுப்போனது. ஆம்பின் 4 ஓம், 8 ஓம் இரண்டு முனையிலும் ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டுப் பாருங்கள். 4 ஓம் முனையில் அவுட்புட் இம்பிடன்ஸ் பாதியாகும், பவரும் குறையும். தொப்பி எதில் இறுகுகிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.